திற்பரப்பா, காளிகேசமா, சிதறாலா, மருத்துவாழ்மலையா: குமரியில் எந்த மாதம் எங்கே போகலாம்?

குமரி மாவட்டத்துக்காரர்கள் மலையைப் பார்க்க ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போயாக வேண்டியதில்லை. நாகர்கோவிலில் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் ஓர் அருவியடியிலோ காட்டாற்றங்கரையிலோ நிற்கலாம். ஆனாலும் முகம் வாடித் திரும்பி வருகிறவர்கள் நிறைய. ஏப்ரலில் திற்பரப்புக்குப் போனால் நூலாக ஒழுகும் தண்ணீர்தான் இருக்கும். அக்டோபர் நடுவில் காளிகேசத்துக்குப் போனால் வனத்துறை சோதனைச்சாவடியிலேயே வண்டியைத் திருப்பச் சொல்வார்கள். ஆடி மாதத்தில் மருத்துவாழ்மலை உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். இடங்கள் எல்லாமே நல்ல இடங்கள்தான். போன மாதம்தான் தப்பு.

அதனால் எந்த இடம் என்று முடிவு செய்வதற்கு முன்னால் மழையைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்க, குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழையும் மலையோரத்தில் மாலை நேரங்களில் அடித்துப் பெய்யும். கடற்கரையில் வெயில் காயும்போது பேச்சிப்பாறையில் கொட்டித் தீர்ப்பது இங்கே சாதாரணம். கன்னியாகுமரியில் வானம் தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து மலைப்பக்கம் கிளம்பக் கூடாது.

பார்க்க வேண்டிய தகவல் நாளிதழ்களின் நாகர்கோவில் பதிப்பிலேயே மழைக்காலம் முழுக்க வருகிறது: அணைகளின் நீர்மட்டமும் மழை அளவும். மழை அளவு என்பது முந்தைய 24 மணி நேரத்துக்குக் காலை எட்டு மணி வாக்கில் எடுத்த கணக்கு. அந்தப் பட்டியலில் நாகர்கோவில், கொட்டாரம், மைலாடி அளவுகள் உங்களுக்கு உதவாது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு, பாலமோர் ஆகிய நான்கையும் பாருங்கள். பாலமோர் கீரிப்பாறைக்கு மேலே இருக்கும் மலைத்தோட்டப் பகுதி. அங்கே பெய்தது காளிகேசம் பக்கத்து ஓடைகளுக்குத்தான் வரும். வானிலைத் துறைக் கணக்கில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை. மலையில் அதில் பாதி பதிவாகியிருந்தாலே அன்றைக்குக் குளியல் திட்டத்தைத் தள்ளிவைப்பது நல்லது. இது அரசு விதி கிடையாது, அனுபவ அளவுகோல்.

அணை மட்டத்தில் நினைவில் வைக்க வேண்டியது பேச்சிப்பாறை. முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. 42 அடியை நெருங்கும்போதே கோதையாற்றுக் கரையோரத்துக்கு வெள்ள எச்சரிக்கை பற்றிய பேச்சு வந்துவிடும். உபரிநீரைத் திறந்தால் அது கோதையாறு வழியாகத் திற்பரப்பில் விழுந்துதான் போக வேண்டும், வேறு வழி கிடையாது. ஆகவே பேச்சிப்பாறை 40 அடிக்கு மேல் இருந்து மலையில் மழையும் இருக்கிறது என்றால், திற்பரப்பில் குளிக்கத் தடை வரும் என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம். பெட்ரோல் காசும் பிள்ளைகளின் அழுகையும் மிச்சம்.

திற்பரப்பு

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு முதல் தேர்வு இதுதான். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, குலசேகரம் வழியாக ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கோதையாறு சுமார் ஐம்பது அடி உயரத்திலிருந்து பல கிளையாகப் பிரிந்து விழுகிறது. அருவிக்கு மேலே கால் கிலோமீட்டர் தூரத்துக்கு ஆற்றுப் படுகை முழுக்க ஒரே பாறை. அதற்கும் மேலே பாசனத்துக்காகக் கட்டிய தடுப்பணை இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் படகு ஓட்டுகிறார்கள். அருவியடியில் குழந்தைகளுக்கு நீச்சல் குளம், பூங்கா, உடை மாற்றும் அறை, கடைகள் எல்லாம் உண்டு. பக்கத்திலேயே மகாதேவர் கோயில். மகாசிவராத்திரியை ஒட்டிப் பக்தர்கள் ஓடியே போய்க் கும்பிடும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு சிவன் கோயில்களில் இது மூன்றாவது. குளிக்க ஒருவர், படகுக்கு ஒருவர், கோயிலுக்கு ஒருவர் என்று வீட்டில் ஆளுக்கொரு ஆசை இருந்தாலும் மூன்றும் ஒரே இடத்தில் நிறைவேறும். முழங்கால் வலிக்கும் பாட்டியை அழைத்துப் போகலாம் என்று தயங்காமல் சொல்லக்கூடிய அருவி நம் மாவட்டத்தில் இது ஒன்றுதான்.

நல்ல காலம் இரண்டு. ஜூன் முதல் வெள்ளம் வடிந்தபின் ஜூலை, ஆகஸ்ட். பிறகு டிசம்பர் கடைசி, ஜனவரி. முதல் காலம்தான் எங்கள் தேர்வு. வெயில் குறைவு, சாரல் இருக்கும், கூட்டம் தாங்கக்கூடிய அளவில் இருக்கும், போதாக்குறைக்குக் குலசேகரம், திருவட்டாறு சாலையோரங்களில் ரம்புட்டான் குவித்து விற்கும் பருவமும் அதுவே. இரண்டாவது காலத்தில் தண்ணீர் தெளிவாக இருந்தாலும், கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரிக்கு வந்து அப்படியே திற்பரப்புக்கும் வருவார்கள். அதோடு கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறையும் சேரும். அந்த இரண்டு மாதமும் காலை எட்டரைக்குள் தண்ணீரில் இறங்கிப் பதினோரு மணிக்குக் கிளம்பிவிடுவதாக இருந்தால் மட்டும் போங்கள். பத்து மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

இங்கே அதிகம் நடக்கும் விபத்து வழுக்கி விழுவது. பாறையில் தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் பாசி பிடிக்காது. மெல்லிசாகத் தண்ணீர் கசிந்து வெயிலும் படும் ஓரத்தில்தான் பச்சைப் பாசி படியும். கூட்டத்தைத் தவிர்க்க "ஓரமா வா" என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அந்த ஓரத்துக்குத்தான் எல்லாரும் போகிறார்கள், அங்கேதான் இடுப்பும் மணிக்கட்டும் ஒடிகின்றன. தேய்ந்த ரப்பர் செருப்பு இன்னும் மோசம், வெறுங்காலே மேல். குதிகாலை ஊன்றி நடக்காமல் பாதம் முழுவதையும் பதித்து, அரை அடி அரை அடியாக வையுங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து அருவியில் நிற்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. அந்த எண்ணெய் பாறையில் படிந்து உங்களுக்குப் பின்னால் வருகிறவரை விழவைக்கும். எண்ணெய், சோப்பு, ஷாம்பு மூன்றையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

தண்ணீர் செம்மண் நிறமாக இருக்கும் நாளில், குளிக்க அனுமதி இருந்தாலும் நேரடித் தாரைக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். கலங்கிய நீரோடு சுள்ளியும் சிறு கல்லும் வரும். ஐம்பது அடி உயரத்திலிருந்து வரும் கூழாங்கல் மண்டையைப் பிளக்கும்.

காளிகேசம்

காட்டாற்றில் குளிக்க வேண்டும், கடையும் இரைச்சலும் வேண்டாம் என்பவர்களுக்குக் காளிகேசம். நாகர்கோவிலிலிருந்து இறச்சகுளம், அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம், கீரிப்பாறை என்று போக வேண்டும். முப்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். கீரிப்பாறையிலிருந்து அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களுக்கு நடுவே சாலை. அதன் பிறகு வனத்துறை கட்டுப்பாடு, நுழைவுக் கட்டணம். ஆற்றங்கரையில் காளி கோயில். உருண்டைப் பாறைகளுக்கு நடுவே கண்ணாடி போல் தண்ணீர். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை இதற்கு இணையான இடம் மாவட்டத்தில் இல்லை. மழை ஓய்ந்திருக்கும், ஓடையில் நீர் இருக்கும், ரப்பர் மரங்கள் இலை பழுத்து உதிர்ந்து சாலை முழுக்க செம்பழுப்பாகக் கிடக்கும். பிப்ரவரி வாக்கில் இளந்தளிர் விடும்போது தேன்பெட்டிகளைத் தோட்டத்துக்குள் வரிசையாக வைத்திருப்பார்கள். அவற்றின் பக்கத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

மழைக்காலத்தில் இதே இடம் ஆபத்தானது. திற்பரப்பில் வெள்ளம் வருவதை மைக்கில் சொல்ல, விசிலடிக்க ஆள் இருக்கிறது. மலையோடையில் உங்கள் கண்ணும் காதும்தான் காவல். மேலே பெய்த மழை அரை மணி நேரம் கழித்துக் கீழே வரும். அந்த நேரத்தில் உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். இறங்கியதும் முதல் வேலையாக, நீர்மட்டத்துக்கு நான்கு விரற்கடை மேலே இருக்கும் ஏதாவது ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் குளிக்காமல் கரையில் உட்கார்ந்து அந்தக் கல்லைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அது நனைந்தால் எல்லாரும் மேலே ஏறிவிட வேண்டும்.

அதற்கும் முன்னால் வரும் அறிகுறி சருகு. ஓடை ஏறத் தொடங்கும்போது கரையோரம் உலர்ந்து கிடந்த இலைகளைத் தண்ணீர் முதலில் தூக்கிக்கொண்டு வரும். கலங்கல் அதன் பின்னால்தான் வரும். தெளிந்த தண்ணீரில் திடீரென்று காய்ந்த சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தால் நிறம் மாறும் வரை காத்திருக்காதீர்கள். செருப்பு, பை, பாத்திரம் எதையும் எடுக்கத் திரும்ப வேண்டாம். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயலாமல் உயரத்தில் ஏறி உட்காருங்கள். மலையோடை வெள்ளம் ஏறிய வேகத்திலேயே பெரும்பாலும் வடிந்தும் போகும். முழங்கால் அளவு ஓட்டமான நீர் பெரிய ஆளையே சாய்த்துவிடும்.

அடுத்தது கயம். பாறைகளுக்கு நடுவே முழங்கால் ஆழமாக இருக்கும் படுகை, இரண்டடி தள்ளி ஆள் ஆழமாகிவிடும். தெளிந்த நீரில் ஆழம் குறைவாகத் தெரிவதால் நீந்தத் தெரிந்தவர்களே ஏமாறுகிறார்கள். இறங்கும் முன் ஆறடிக் கம்பால் குத்திப் பாருங்கள். பாறை மேலிருந்து குதிப்பது கூடவே கூடாது. போன வருடம் குதித்த அதே இடம் என்றாலும், இந்த வருட வெள்ளம் அங்கே ஒரு பாறையை உருட்டிப் போட்டிருக்கும்.

ஈரமான மாதங்களில் அட்டையும் உண்டு. பிடுங்கி இழுத்தால் வாய்ப்பகுதி காயத்தைப் பெரிதாக்கும். உப்பைக் கொட்டினால் அது குடித்ததைக் கக்கிவிட்டுப் போகும், புண்ணில் கிருமி சேரும். கடித்திருக்கும் மெல்லிய முனை எது என்று பார்த்து, அதன் ஓரத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடியை விட்டுவிடும். பிறகு தடித்த முனையையும் அப்படியே தள்ளிச் சுண்டிவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளை உள்ளே செலுத்தியிருக்கும் என்பதால் கொஞ்ச நேரம் கசியத்தான் செய்யும். கழுவித் துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். உப்பும் வேப்பெண்ணெயும் சாக்ஸ் மேல் தடவ உதவும், கடித்தபின் தேவையில்லை.

இந்தக் காடுகள் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டியவை. கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்க ரப்பர் தோட்டங்களுக்குள் யானை வருவது உள்ளூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. நான்கு மணிக்குப் பாத்திரத்தைக் கட்டி, ஐந்து மணிக்குள் கீரிப்பாறையைத் தாண்டிவிட வேண்டும். காற்றடிக்கும் நாளில் ரப்பர் மரத்தடியில் வண்டியை நிறுத்தாதீர்கள். அந்த மரம் சட்டென்று முறியக்கூடியது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது தோட்டம் தோட்டமாகச் சாய்ந்ததைக் குமரி மறந்திருக்காது. பேருந்து உண்டு, ஆனால் குறைவு. திரும்பும் நேரத்தை ஓட்டுநரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட்டுச் சொன்னால், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் திற்பரப்பு. பெரியவர்கள் மட்டும் நான்கைந்து பேர், மாதம் ஜனவரி என்றால் யோசிக்காமல் காளிகேசம்.

குளியல் இல்லாத நாளுக்கு மாத்தூரும் சிதறாலும்

மலையில் மழை, அருவியில் தடை, ஆனால் லீவு போட்டாயிற்று. அப்படிப்பட்ட நாளுக்கு இந்த இரண்டும். திருவட்டாறுக்குப் பக்கத்தில் பரளியாற்றின் மேலே 1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம் இருக்கிறது. 28 தூண்கள், 115 அடி உயரம். ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குப் பாசன நீரைக் கொண்டுபோகும் தொட்டி அது. மேலே நடந்து போகலாம். பாசனத்துக்கு ஜூனில் அணை திறந்து பிப்ரவரி வாக்கில் மூடுவது வழக்கம். காலடியில் தொட்டிக்குள் தண்ணீர் ஓடும் சத்தத்தோடு, 115 அடி கீழே ஆறும் ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் அந்த மாதங்களில்தான் போக வேண்டும். கோடையில் போனால் காய்ந்த தொட்டியைத்தான் பார்ப்பீர்கள். உயரம் தலைசுற்றும் என்பவர்கள் படியிறங்கி ஆற்றங்கரையிலிருந்து அண்ணாந்து பார்க்கலாம். அந்தத் தூண்களின் நிமிர்வு கீழிருந்துதான் முழுதாகத் தெரியும். பாலத்தில் காற்று வலுத்தால் குடையை மடக்கிவிடுங்கள், கைக்குழந்தையை நெஞ்சோடு பிடித்துக்கொள்ளுங்கள்.

சிதறால் மலை மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து உச்சி வரை கல் பாவிய சரிவுப் பாதை, நிதானமாக ஏறினால் இருபது, இருபத்தைந்து நிமிடம். மேலே 9-ஆம் நூற்றாண்டுச் சமணர் தலம்: பாறைச்சுவரில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், பிற்காலத்தில் பகவதி கோயிலாக மாறிய குடைவரை, ஒரு சுனை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சிற்பங்களை ஒட்டி உட்காரவோ தொடவோ வேண்டாம். நான்கு மணிக்கு ஏறினால் சாய்ந்த வெயிலில் சிற்பங்களின் நிழல் நன்றாக விழும். சுற்றிலும் தென்னையும் ரப்பரும் பச்சைக் கடலாகத் தெரியும். தூறலில் ஏறலாம். ஆனால் இடி இடித்தால் உச்சியின் வெட்டவெளிப் பாறையில் நிற்கக் கூடாது, உடனே இறங்கிவிட வேண்டும்.

இரண்டையும் சேர்த்து ஒரு நாள் சரியாக இருக்கும். காலையில் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள், பிறகு மாத்தூர், மதியம் மார்த்தாண்டத்தில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்குழம்பும், மாலையில் சிதறால். கோயில் உச்சிவேளையில் நடை சாத்திவிடும் என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

மருத்துவாழ்மலை

உடம்பை வருத்தி ஏறுவதில் சந்தோஷம் காண்கிறவர்களுக்கு உரியது இது. கன்னியாகுமரி போகும் வழியில் பொற்றையடிப் பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிக் குன்றுகளில் ஒன்று. நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை இங்கேதான். கீழே படிகள், மேலே போகப்போகப் பாறை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, விடிவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஏறத் தொடங்கி எட்டரைக்குள் இறங்கிவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் பாறை சூடேறிக் கை வைக்க முடியாது. வழியில் தண்ணீரை நம்பாமல் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் கொண்டுபோங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் காலம். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதே அந்தக் காற்றுக்காகத்தான். அந்த மாதங்களில் பிள்ளைகளோடு உச்சிக்குப் போக வேண்டாம். குரங்குகள் உண்டு, பாலித்தீன் பை சரசரத்தாலே பாய்ந்து வரும். 2019 ஜனவரி 1 முதல் அந்தப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடையும் இருக்கிறது, துணிப்பையே போதும்.

எல்லை தாண்டினால்

குற்றாலம் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி வழியாக 135 கிலோமீட்டர் அளவில் வரும். ஆனி, ஆடிச் சாரலின் சுகம் தனிதான். ஆனால் ஒரே நாளில் போய்வந்தால் பயணத்திலேயே ஏழு மணி நேரம் போகும். ஒரு இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் குற்றாலம், அதுவும் வார நாளில். சீசன் தொடங்கவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கக் கூடாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது.

உண்மையான மலைவாசஸ்தலம்தான் வேண்டும், மூடுபனியும் குளிரும் வேண்டும் என்றால் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடி. சுமார் 1,100 மீட்டர் உயரம், 22 கொண்டையூசி வளைவுகள். மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்களுக்கு ஒரு நாளில் கட்டுபடியாகும். நாகர்கோவிலுக்குக் கிழக்கே இருப்பவர்கள் விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். கனமழையில் மண் சரியும் பயத்தால் பாதையை மூடிவிடுவார்கள், எனவே அக்டோபர், நவம்பர் வேண்டாம். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும், டயர் பக்கத்திலிருந்து எரிந்த வாடை வரும். வாடை வந்தால் வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் டிஸ்க் கோணிவிடும்.

எங்கே போனாலும் பையில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு இரண்டு துவர்த்து (துண்டு), ஒரு மாற்றுடை, பதினைந்து அடிக் கயிறு, ஒரு விசில், வீட்டுச் சாப்பாடு. காளிகேசம் பக்கம் கைப்பேசி சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். திரும்பும் நேரத்தை வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மட்டி வாழைப்பழம் ஒரு படலை (சீப்பு) வாங்கிக்கொண்டால் பிள்ளைகள் பசியில் அழாது. தோலைக் குரங்குக்குப் போடாமல் பையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

கிளம்பும் அன்று காலை மறுபடியும் மழை அளவைப் பாருங்கள். பாலமோரில் இரவு மழை என்றால் காளிகேசத்தை விட்டுத் திற்பரப்பு. பேச்சிப்பாறையிலும் மழை, உபரிநீர் திறக்கிறார்கள் என்றால் மாத்தூரும் சிதறாலும். மாவட்டம் முழுக்க விடாமல் கொட்டுகிறது என்றால் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் அந்த மரவேலைப்பாடுகளின் அடியில் நிற்கலாம். அங்கே திங்கட்கிழமை விடுமுறை.